உங்கடை டிசைன்தானே

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையால் வந்து இறங்கினால், பிக்கரிங் வீட்டு ட்ரைவ்வேயில் நிற்கிற நாங்களே செய்த படுக்கை ட்ரெயிலரின் சட்டத்தின் அடியில் இரண்டு தடித்த இரும்பு பீம்கள். வெல்டிங் சூடு இன்னும் ஆறவில்லை.

"ஆர் செய்தது?"

என் கணவர் ஜூலியன் தன் தம்பி றிச்சர்டைப் பார்த்தார். றிச்சர்ட் கையுறையைக் கழற்றினான்.

"சட்டம் ஈர்க்கு மாதிரிக் கிடந்தது, அண்ணி. நாங்கள் சமையல் கிடாரம், அரிசி மூட்டை எல்லாம் ஏத்திற ஆக்கள். ஹைவேயிலை முறிஞ்சால்?"

கிடாரமாம், அரிசி மூட்டையாம். அவற்றின் பாரத்தை நான் முதலே கணக்கில் சேர்த்துவிட்டேன். லொறிச் சட்டங்களுக்குப் படம் கீறுவதுதான் என் தொழில். இந்த வகை ட்ரெயிலரின் முன்பக்கம் பிக்கப்பின் முதுகில் ஏறி உட்காரும். எங்களுடையது பழைய பிக்கப். பாரம் கூடினால் பின் அச்சு தாங்காது. அதனால்தான் உள்ளே வெறுமையான மெல்லிய பொக்ஸ் பார் எடுத்து, பாரம் விழும் இடங்களில் மட்டும் முக்கோணமாக முட்டுக் கொடுத்தேன். அடுத்த கிழமை மிட்லண்ட் மாதா திருவிழா. வருடாவருடம் மழையில் ஊறுகிற கூடாரத்தை விட்டு, இம்முறையாவது காய்ந்த பாயில் படுக்க நினைத்தேன். இந்தப் பாரத்தோடு ஹைவேயை எட்டவே மாட்டோம்.

அதைவிட எரிச்சல் வேறொன்று. ஞாயிறு பூசை முடிந்து ட்ரெயிலரைப் பார்க்க வருகிற ஆம்பிளைகள், "ஜூலியன் அண்ணை, உங்கடை மூளையே மூளை" என்பார்கள். என்னிடம் தேத்தண்ணி கேட்பார்கள். இந்த மனிதரும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு சிரிப்பார்.

"பீம் ரெண்டையும் வெட்டப்போறன்" என்றேன்.

றிச்சர்ட் என் பக்கம் திரும்பவேயில்லை. "அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. உங்கடை டிசைன்தானே."

ஜூலியன் தலையைச் சொறிந்தார். எனக்கு உச்சந்தலை கொதித்தது. இரும்பு வெட்டும் கிரைண்டரை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

"இந்தாங்கோ. உங்கடை டிசைன்தானே. எந்த இடத்திலை வெட்டினால் சட்டம் கோணாது எண்டு தம்பிக்குக் காட்டுங்கோ."

அவர் குனிந்து பார்த்தார். மற்றப் பக்கம் போயும் பார்த்தார். பிறகு கிரைண்டரை நிலத்தில் வைத்தார்.

"எனக்கெங்கை தெரியும்" என்றார். "உதிலை நான் ஒரு கோடும் கீறேல்லையடா. எல்லாம் உன்ரை அண்ணி அன்ரனெற் கீறினது."

றிச்சர்ட் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான். "அண்ணி, நான் எங்கை பிடிக்கிறது?"

நான் அவனுக்கு இடத்தைக் காட்டினேன். கிரைண்டரை எடுத்து, பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜூலியனிடம் திரும்பினேன்.

"ஞாயிற்றுக்கிழமை வாற ஆக்களுக்கும் உதையே சொல்லுங்கோ. தேத்தண்ணியையும் நீங்களே குடுங்கோ."

அவர் ஓம் என்று சொல்லும்வரை நான் கிரைண்டரின் சுவிச்சைப் போடவில்லை.