நாற்பதும் இடது

எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. முழுத்தோல் இரண்டைக் கெடுத்தவர், கத்தியை ஒப்படைத்துவிட்டு ஒரு வருஷம் பேக்கிங் மேசைக்குப் போக வேண்டும். முதலாளியம்மா போட்ட சட்டம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எழுதியது அவர்தான். எழுதச் சொல்லி அவர் உயிரை வாங்கியது நான்.

எனக்குத் தோல் வீணாவதைக் கண்டால் ஆகாது. ஒரு மாடு வெயிலிலும் மழையிலும் அலைந்து வளர்த்த தோலை, வெட்டுகிறவன் பராக்குப் பார்த்துக்கொண்டு குப்பையில் தள்ளினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாங்கள் செய்வது சாதாரணப் பையும் இல்லை. ஒரு பையை ஒரே ஆள் முதல் தையலிலிருந்து கடைசித் தையல்வரை கையால் தைத்து, உள்ளே தன் எண்ணைக் குத்திக் கொடுப்பார். வாங்குகிறவர் அதைத் தன் மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம், அவ்வளவு நாள் உழைக்கும். அப்படிப்பட்ட பைக்குத் தோல் வெட்டுகிறவளுக்குக் கொஞ்சம் திமிர் இருக்கத்தானே செய்யும்?

சட்டம் வந்து நாலே மாதத்தில் முதல் ஆளாக மாட்டியவர் என் வீட்டுக்காரர். அவரும் என்னைப் போல வெட்டுமேசை ஆள்தான். கைப்பிடி வார்களையெல்லாம் கட்டைவிரல் அகலம் குறைத்து வெட்டிவிட்டார், சரியாக இரண்டு தோல். பட்டறையே என் முகத்தைப் பார்த்தது. நான் ஏதாவது சொல்வேன், முதலாளியம்மா விட்டுக்கொடுப்பார் என்று காத்திருந்தார்கள். "சட்டம்னா சட்டம்தான்" என்றேன். அவர் கத்தியைத் துடைத்து, உறையில் போட்டு, முதலாளியம்மாவின் இழுப்பறையில் வைத்துவிட்டுப் பேக்கிங் மேசைக்குப் போனார். எட்டு மாதம் ஆகிறது.

வீட்டில் சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். மனுஷன் ஒன்றுமே சொல்லவில்லை. அவருக்கும் சேர்த்து அவர் தங்கை பேசினாள். என் நாத்தனாரும் இதே பட்டறையில்தான் தைக்கிறாள், என் மேசைக்கு நேர் எதிரே. "அண்ணிக்குத் தோல் மேல இருக்கிற பாசத்துல கால்வாசி எங்க அண்ணன் மேல இருந்திருந்தா..." என்று ஆரம்பிப்பாள். மீதியை ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் வாய்க்குள் முணுமுணுப்பாள். எனக்கும் காது கேட்காதது போல் இருக்கத் தெரியும்.

இப்படி இருக்கையில்தான் அந்த ஐந்து தோல்கள் வந்தன.

மரப்பட்டை ஊறிய தண்ணீரிலேயே ஐந்து மாதம் கிடந்து பதமான தோல். ஒரே தண்ணீரை வடிகட்டி வடிகட்டித் திரும்பப் பயன்படுத்துகிற சின்னப் பதனிடும் கூடம் அது. ஒரு தடவைக்கு ஐந்து தோல்தான் கொடுப்பார்கள், அடுத்தது வேண்டுமென்றால் இன்னும் ஐந்து மாதம். கையை வைத்தால் எடுக்க மனசு வராது. முள்ளில் கீறிய தழும்பு, பூச்சி கடித்த புள்ளி எல்லாம் அப்படியே தெரியும். அதை மறைக்காமல் தைக்க வேண்டும் என்பதுதான் வாங்குகிறவர்களின் விருப்பம். இருபது மாதிரிப் பை கேட்டிருந்தார்கள். பார்த்துவிட்டுப் பெரிய ஆர்டர் தருவதா வேண்டாமா என்று சொல்ல, அவர்கள் தரப்பில் ஓர் அம்மாள் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. அவர் போகிற இடத்துக்கெல்லாம் கையோடு ஒரு தராசு கொண்டுபோய், வெட்டி எறிந்த துண்டுகளை எடை போடுவாராம். கழிவு அதிகமிருந்தால் பையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாராம்.

"தராசா? வரட்டும். எடை போட ஒண்ணும் இருக்காது" என்றேன் முதலாளியம்மாவிடம். இந்த வாய்தான் எனக்கு எப்போதும் வினை.

அந்தப் பையின் வடிவத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்த கூத்து புரியாது. முன்பக்கத்துக்கு ஒரு துண்டு, பின்பக்கத்துக்கு ஒரு துண்டு. ஒவ்வொன்றும் ஒரு ஓரம் உயரம், மறு ஓரம் குட்டை. மேல் விளிம்பு சரிவாக இறங்கும். இரண்டையும் முதுகோடு முதுகு வைத்தால் சரிவுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அதனால் பாதித் துண்டுகளை வெட்டியதும் அளவு அட்டையைக் கவிழ்த்துப்போட்டு மீதியை வெட்ட வேண்டும். அட்டை நிமிர்ந்திருந்தால் இடது, கவிழ்ந்திருந்தால் வலது. இதை முதல் வாரம் வேலைக்கு வந்தவருக்கே சொல்லிக்கொடுத்துவிடுவோம்.

புதன்கிழமை காலை வெட்ட உட்கார்ந்தேன். ஒரு துண்டை வரைந்து, அடுத்ததைத் தலைகீழாகச் சுழற்றி அதன் சரிவோடு ஒட்டவைத்தேன். இரண்டும் சேர்ந்து கச்சிதமான ஒரு சதுரக் கட்டம் ஆகிவிட்டது. நடுவில் ஒரு நகக்கண் அளவுகூட வீணில்லை! அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி, அதற்குக் கீழே இன்னொன்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. தராசுக்காரியின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே, வரைந்தேன், வெட்டினேன், வரைந்தேன், வெட்டினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஐந்து தோலும் முடிந்தது. ஓரங்களில் கைப்பிடி வார்களையும் எடுத்தது போக, மிஞ்சிய கழிவு என் இரண்டு கைக்குள் அடங்கியது.

துண்டுகளை அடுக்கி நாத்தனார் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். "பாரு, கழிவே இல்லாம வெட்டியிருக்கேன். பதினாறு வருஷத்துல இப்படி ஒரு வெட்டு நான் வெட்டினதில்ல."

அவள் மேலேயிருந்து இரண்டை எடுத்து முதுகோடு முதுகு வைத்தாள். கீழே வைத்தாள். வேறு இரண்டை எடுத்தாள். பிறகு அடுக்கின் அடியிலிருந்து இரண்டு.

"அண்ணி, வலது எங்க?"

"அதுலயேதான் இருக்கும், பாரு."

"பார்த்துட்டேன். நாப்பதும் இடது."

அட்டையைத் திரும்பிப் பார்த்தேன். காலையில் வைத்த மாதிரியே மேசையில் நிமிர்ந்து கிடந்தது. ஒரு தடவைகூட நான் அதைக் கவிழ்க்கவில்லை. தோலைத் திருப்பித் தைக்கலாம் என்றால் அதன் உட்புறம் சொரசொரவென்று பிசிறு. ஐந்து தோல், ஐந்து மாதம், எல்லாம் போச்சு. என் வீட்டுக்காரர் கெடுத்தது இரண்டு. நான் ஐந்து.

நாத்தனார் இப்போது ஏதாவது சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். எட்டு மாதமாகக் காத்திருந்தவள் அவள். ஆனால் அவள் நாற்பதையும் விளிம்பு பார்த்து அடுக்கி ஓரமாக வைத்தாள், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

நான் கத்தியைத் துடைத்தேன். உறையில் போட்டேன். முதலாளியம்மாவின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை முடியட்டும்மா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

"சட்டம்னா சட்டம்தான்" என்றேன். இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே என் வீட்டுக்காரருடைய கத்தி கிடந்தது. அதன் பக்கத்தில் என்னுடையதை வைத்தேன்.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் என் இழுப்பறையில குடித்தனம் வந்துட்டீங்க" என்றார் முதலாளியம்மா. அவருக்கும் அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

பேக்கிங் மேசையில் என் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியிலிருந்த அட்டைப் பெட்டிகளை அதற்குள் எடுத்துக் கீழே வைத்திருந்தார். எங்கள் பட்டறையில் செய்தி நடந்து போவதில்லை. "உட்காரு. மெல்லிசுத் தாளை ரெண்டு ரெண்டா எடுக்கணும். நகம் படாம எடு, கிழிஞ்சிடும்" என்றார். அவ்வளவுதான். நான் எடுத்த முதல் தாளே கிழிந்தது. அவர் அதை வாங்கி, சுருட்டி, ஒரு பையின் வயிற்றுக்குள் அடைத்தார். "உள்ள போறதுக்குக் கிழிஞ்சது போதும்" என்றார்.

மறுநாள் காலை நாங்கள் இரண்டு பேரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது நாத்தனார் வந்து நின்றாள். கையில் ஏதோ ஒரு பை. வரும்போதே முகம் சரியில்லை, சிரிப்பை அடக்குகிறவள் முகம் அது.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. நேத்து சாயங்காலம் ரெண்டு துண்டை எடுத்துச் சும்மா தைச்சுப் பார்த்தேன். எப்படியும் குப்பைக்குத்தானே போகப்போகுதுன்னு."

இரண்டு இடதுகளைத்தான் ஜோடி சேர்த்திருந்தாள். முன்துண்டு உயர்ந்த பக்கம் பின்துண்டு குட்டை. மறுபக்கம் பின்துண்டு உயரம், முன்துண்டு குட்டை. வாய் கோணிக்கொண்டு இரண்டு காது நீட்டிக்கொண்டிருந்தது. "என்னடி இது, பார்க்கவே சகிக்கல" என்றேன்.

"பொறுங்க." முன்னால் நீட்டியிருந்த காதைப் பின்பக்கமாக மடித்தாள். பின்னால் நீட்டியிருந்ததை முன்பக்கமாக மடித்தாள். இரண்டின் முனையையும் கைப்பிடிக்கு அடியில் செருகினாள். வாய் மூடிக்கொண்டது. பையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாள். உள்ளே போட்டிருந்த நூல்கண்டு கீழே விழவில்லை.

"கொக்கி வேண்டாம், காந்தம் வேண்டாம், இரும்பே வேண்டாம். முன்ன பின்னன்னும் கிடையாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒண்ணுதான்" என்றாள்.

நான் அந்தப் பையை வாங்கித் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்ன அண்ணி, ஊசி குத்திடுச்சா?" என்றாள். குசும்புக்காரி.

அதற்குப் பிறகு அவள் மேசை ஆட்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. வெள்ளிக்கிழமை காலைக்குள் இருபதுக்கு இருபது.

தராசுக்கார அம்மாள் பத்து மணிக்கு வந்தார். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. பையைப் பார்ப்பதற்கு முன்னால் கழிவைக் கேட்டார். நான் வெட்டியதன் மிச்சத்தைத் தட்டில் கொட்டினார்கள். முள் லேசாக அசைந்தது. அவர் தராசை ஒரு தட்டு தட்டி, மறுபடி பார்த்தார். "மீதியை எங்க வச்சிருக்கீங்க?"

"அவ்வளவுதாங்க" என்றார் முதலாளியம்மா.

"எப்படி?"

முதலாளியம்மா வடிவமைப்பு, திட்டம் என்று ஏதோ அழகாக ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பேக்கிங் மேசையிலிருந்தே சொல்லிவிட்டேன். "திட்டமெல்லாம் இல்லைங்க. நான் அட்டையைத் திருப்ப மறந்துட்டேன். நாப்பதும் ஒரே பக்கம். என் நாத்தனார்தான் அதைப் பையாக்கினா."

அந்த அம்மாள் ஒரு பையை எடுத்து, காதுகளைப் பிரித்து, மடித்து, பிரித்து, மடித்துப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்கு. "இதே மாதிரி இருநூறு வேணும். ஐந்து மாசத்துக்கு ஒரு தடவை தோல் வரும்போதுதான் வெட்ட முடியும்னா, நாங்க காத்திருக்கோம். தயவுசெஞ்சு இனிமேலும் திருப்ப மறந்துடுங்க" என்றார்.

அவர் வண்டி ஏறிப் போனதும் பட்டறை ஒரே கூச்சல். முதலாளியம்மா நேராக இழுப்பறைக்குப் போய் என் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். "பிடி. ஒரு தோலும் கெடல. சட்டப்படியே நீ மேசைக்குப் போகலாம்."

நான் கையை நீட்டினேன். பொய் சொல்லக் கூடாது, ஆசையாகத்தான் நீட்டினேன். அப்போது என் வீட்டுக்காரர் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், குறையாகவும் இல்லாமல், சும்மா மனசில் வந்ததைச் சொல்கிறவர் போலச் சொன்னார்:

"நான் கெடுத்தப்போ யாரும் தைச்சுப் பார்க்கல."

நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. எட்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அந்த வார்களை அப்புறம் என்ன செய்தார்கள் என்று ஒரு நாளாவது கேட்டேனா? தோல் வீணாவதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறவள், ஒரு ஆளை வீணாக்கிவிட்டுச் சட்டம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. எல்லோருக்கும் முன்னால்தான் அழுதேன்.

"அம்மா, எடுத்தா ரெண்டு கத்தியையும் எடுங்க. இல்லேன்னா என்னுதும் அங்கேயே கிடக்கட்டும்" என்றேன்.

"அப்போ சட்டம்?"

"எழுதச் சொன்னவ நான்தானே? கிழிக்கவும் நானே சொல்றேன். இனிமே யார் எதைக் கெடுத்தாலும் முதல்ல எல்லாரும் ஒரு வாரம் அதை எடுத்துப் பார்ப்போம். ஆளை அனுப்புறதைப் பத்தி அப்புறம் பேசலாம்."

"இதை எட்டு மாசம் முன்னாடியே சொல்லியிருந்தா நான் எவ்வளவு தொண்டைத் தண்ணியை மிச்சம் பிடிச்சிருப்பேன்" என்றாள் நாத்தனார்.

முதலாளியம்மா என் வீட்டுக்காரருடைய கத்தியையும் கொண்டுவந்து கொடுத்தார். அவர் உறையிலிருந்து உருவி, பெருவிரலால் கூர் பார்த்து, முகத்தைச் சுளித்தார். தீட்டுகல்லில் வெகுநேரம் தீட்டினார். பிறகு வேறு ஆர்டருக்கு வந்திருந்த தோலை விரித்து, அட்டையை வைத்து, வெள்ளி நிறப் பென்சிலால் வரைந்து, கத்தியை வைக்கப் போனவர் நிமிர்ந்து பார்த்தார். நான் எதிரே இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தேன்.

"நீ அந்தப் பக்கம் போயேன். நீ பார்த்துக்கிட்டு நின்னா எனக்குக் கை நடுங்குது. அந்த வாரை வெட்டின அன்னைக்கும் அப்படித்தான் நின்னே."

பேக்கிங் மேசைக்குப் போய், அவர் பாதியில் விட்ட பெட்டியை எடுத்துக் கயிறு கட்டினேன். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. மறுபடி கட்டினேன், கோணலாக வந்தது. எனக்குப் பின்னால் கத்தி தோலில் இறங்கி, நீளமாக, ஒரே இழுப்பாகப் போகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.