ஸ்கூடாயில் வளராத சிறுநீரகம்

1

இந்தக் கதை ஒரு பீற்றலில் பிறந்தது. பீற்றியவன் நான்தான்.

அக்கா வாசுகிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. ஜொகூர் பாருவில் டயாலிசிஸ் செய்துகொள்ளும்போது பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதியதை வாசித்துக் காட்டுவேன். வேறு யாரும் என் கதையைப் பாதியில் எழுந்து போகாமல் கேட்டதில்லை. (மன்னிக்கவும். வெட்கம் வந்தால் இப்படித்தான் ஏதாவது உளறுவேன்.)

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: 'விடியல் ஒளியில் தவளை முட்டைகள் முத்துகளாக...' போதும். அடுத்தது: 'விஞ்ஞானி லோஷினி நுண்ணோக்கியில் குனிந்தபோது அவள் கண்களில்...' [என்ன இருந்தது? எனக்குத் தெரியாது.]

உண்மையான லோஷினி என் தோழி. பக்கத்து ஊரான ஸ்கூடாயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தவளைக் கருவை ஆராய்கிறாள். அவள் சொன்னது இவ்வளவுதான். கருவில் எந்தச் செல்லும் தானாகச் சிறுநீரகம் ஆவதில்லை. பக்கத்துச் செல்கள் சில மூலக்கூறுகளைச் சமிக்ஞையாக அனுப்ப வேண்டும். தோலாக வேண்டிய ஒரு துண்டைக் கருவிலிருந்து வெட்டி, சரியான இரண்டு மூலக்கூறுகள் கலந்த நீரில் வைத்தால், அதுவும் சிறுநீரகக் குழாயாக மாறிவிடும்.*

* ஒரு தலைப்பிரட்டைக்குப் போதுமான குழாய். இந்த அடிக்குறிப்பை அன்று நான் அக்காவுக்கு வாசிக்கவில்லை.

3

என் கதையில் லோஷினி மனிதச் சிறுநீரகத்தையே ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்துவிட்டாள். கேட்டு முடித்த அக்கா மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"இது நெஜமாவா?"

"நெஜம்தான்கா. இங்க ஸ்கூடாய்லயே செய்றாங்க லா."

'தவளைக்கு' என்ற ஒரு சொல்லை விழுங்கிவிட்டேன். அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. [தேய்ந்த சொல். ஆனால் மலர்ந்துதான் இருந்தது.] அதுவரை எந்த வாசகரும் என்னை அப்படி நம்பியதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, அதைச் சொல்லத்தான் இப்போது நாக்கூசுகிறது.

அன்றே அவள் சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் தம்பி ரூபேந்திரனை அழைத்தாள். அவளுக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைத் தர இருந்தவன். பரிசோதனையெல்லாம் முடித்து, லீவும் போட்டிருந்தான்.

"வேணாண்டா ரூபா. உனக்குச் சின்னப் புள்ளைங்க இருக்கு. ஸ்கூடாய்ல செஞ்சிக்கிட்டிருக்காங்களாம். நான் காத்திருக்கேன்."

எனக்குச் சர்க்கரை இருப்பதால் என்னுடையது ஆகாது என்று மருத்துவர் முன்பே சொல்லிவிட்டார். கொடுக்க முடியாத நான், கொடுக்க வந்தவனையும் தடுத்துவிட்டேன்.

4

முடிவை மாற்றிப் பார்த்தேன். ஒன்றில் லோஷினியின் ஆய்வுக்கூடம் எரிந்துபோகிறது. அக்கா விதியை நொந்துகொள்கிறாள், என்னை அல்ல. இன்னொன்றில் அவள் தானாகவே உண்மை தெரிந்து என்னை மன்னித்துவிடுகிறாள். எழுதும்போதே கேவலமாக இருந்தது. கடைசியில் லோஷினியிடமே நடந்ததைச் சொல்லிக் கேட்டேன்.

"மனுசனுக்கு இது எப்ப வரும்?"

"தெரியாது. அதுக்காக அக்காவ ஏன் காக்க வைக்கிறீங்க?"

5

முடிவை வாசகர் கையில் விட்டுவிடுவது என் வழக்கம். இந்தக் கதைக்கு ஒரே வாசகர்தான். அக்கா, நாளைக்கு உனக்கு இதைத்தான் வாசிக்கப் போகிறேன்.

ரூபனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டித் தீர்த்தான். பிறகு, "அக்காவே வேணாம்னுட்டா. அவ வாயால கேட்டா வர்றேன்," என்றான்.

நீ யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள். தெரியும். உனக்காக நான் கேட்டுப் பார்த்தேன், அவன் ஒப்பவில்லை. என் பேச்சை இனி யார் நம்புவார்கள்?

இதற்கு மேல் நான் எழுதக் கூடாது. அவனைக் கூப்பிட்டு போனை உன் கையில் தருகிறேன்.

கேளுக்கா.