நரம்போடு மென்ற இலை

...இல்லை, கை வலிக்கவில்லை, கைக்குள் யாரோ கொட்டாவி விடுவதுபோல இருக்கிறது, ஓங்கிய அரிவாள் பாதியிலேயே இறங்கிவிடுகிறது, ரப்பர் மரங்களுக்கு நடுவே இதே புல்லைப் போன வாரம்வரை வெட்டியது நான்தானா, இல்லை களைப்புத் தெரியாமலிருக்கக் கன்னத்தில் ஒதுக்கியிருந்த கிராத்தோம் இலையா? காலையில் கிணற்றடிக் கிராத்தோம் மரத்தைத் தாண்டும்போது கை தானாக மேலே போனது, இழுத்துக்கொண்டேன்... இடுப்பு வலிக்கு அதுதான், வயிற்றோட்டத்துக்கும் அதுதான், வெயிலே தெரியாமல் செய்வதும் அதுதான், அப்படிப்பட்ட இலை வயிற்றுக்குள் கட்டியாக உட்காருமா? உட்கார்ந்திருக்கிறது, தொப்புளுக்குக் கீழே, அழுத்தினால் கொய்யாக்காய் மாதிரி. நடு நரம்பை உருவிவிட்டு மெல்ல வேண்டும், சக்கையைத் துப்ப வேண்டும், நான்தான் வேலை அவசரத்தில் நரம்போடு மென்று எல்லாவற்றையும் காப்பியோடு விழுங்கினேன். சுகாதார நிலையத்து நர்ஸ் இலையை நிறுத்தச் சொன்னாள், கட்டி இளகாவிட்டால் நக்கோன் டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றைக் கீறத்தான் வேண்டுமாம். என் பெண்டாட்டி சலுவாய்க்கு எதற்கும் சிரிப்புதான், "மாடுகூட அசை போட்டுத்தான்யா முழுங்கும்." நேற்று சோற்றைப் போடும்போது மட்டும் சிரிக்கவில்லை, "இலை இல்லன்னா உனக்கு வாயும் இல்லயா? ஒரு வார்த்தை பேசலயே"... அது ஏன் கட்டியைவிடக் கனக்கிறது? இத்தனை வருடம் அவளைச் சிரிக்க வைத்தவன் யார்?

"பல்லு கொட்டிருச்சாடா?" அடுத்த வரிசையில் புல் வெட்டும் நியோம், கன்னம் புடைக்க, ஒரு இலையை நீட்டுகிறான், "பாதி போடு, மூஞ்சியப் பாரு, நனஞ்ச கோழி மாதிரி." வாயில் வைக்காமலே நாக்கு கசக்கிறது, எச்சில் ஊறுகிறது, கண்ணும் மூக்கும் ஒழுகுகின்றன... தலையை ஆட்டி வேண்டாம் என்கிறேன், ஆட்டியது நான்தான், அது நிச்சயம். அதற்குள் மேற்கே கறுத்து ஒரு சொட்டு. நியோம் அரிவாளைப் போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடுகிறான், இலை மெல்பவனுக்கு வெயில் கூடப் பிறந்தது, மழைதான் எமன், தூறல் பட்டாலே எலும்புக்குள் குளிர் ஏறும், நானும் எத்தனை முறை ஓடியிருக்கிறேன், இப்போதும் கால் எழுந்துவிட்டது. நில், என்னதான் ஆகும், பார்க்கலாம். கழுத்தில், முதுகில், தலையில்... குளிர்கிறது, வெறும் தண்ணீர் குளிர்வதுபோலத்தான், அப்படியென்றால் அந்தப் பயமும் என்னுடையது இல்லையா? "பைத்தியக்காரா, காய்ச்சல்ல சாகப்போற, வாடா!" "நீ வாடா வெளிய, உன் வாயையாவது கழுவி விடுறேன்!" கத்திவிட்டுச் சிரித்தேன், சிரிப்பு மழையைவிடச் சத்தமாகக் கேட்டது, இதை இன்றைக்குச் சலுவாயிடம் சொல்ல வேண்டும், கட்டாயம் சிரிப்பாள்... வாயில் இலை இல்லாமலே வந்துவிட்டதே பேச்சு. கை ஈரச் சட்டைக்கு மேல் வயிற்றைத் தடவியது. வாயில்தான் இல்லை. உள்ளே இன்னும் இருக்கிறதே, அப்படியே, கல்லாக... இப்போது பேசியது யார்?