எத்தனை தரம் இறங்கினீர்கள்?

"விடுங்க அவரை! தண்ணிக்குள்ள போட்டாச் செத்துப்போவார்!"

நஸ்லியா இரண்டு கைகளாலும் இன்ஷாபின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். முதுகில் சிலிண்டருடன் படகின் விளிம்பில் பாதி உடல் வெளியே தொங்கக் கிடந்தான் ஃபைஸல். அலை ஆட்டிய பக்கமெல்லாம் அவன் கால்கள் ஆடின.

"மிஸ், ஒங்களுக்கு வெளங்காது. பத்து மீட்டருக்குத் திரும்ப இறக்கினா வெறைப்பு விட்டிரும். எங்கட ஆக்கள் இப்பிடித்தான் செய்ற."

"நான் டொக்டர்!"

இன்ஷாபின் பிடி தளர்ந்தது.

அரை மணி நேரத்துக்கு முன்பு அவள் வெறும் சுற்றுலாப் பயணி. கண்டியிலிருந்து மூன்று நாள் விடுமுறைக்கு ஆலங்குடா வந்தவள். கூட வந்த தோழிகள் ஹொட்டல் கடற்கரையில் நேற்று ஆடிய களைப்பில் தூங்க, இவள் மட்டும் பவளப்பாறை பார்க்கக் கிளம்பினாள். கடலுக்கடியில் வழிகாட்டி ஃபைஸல். படகோட்டி, அவன் மனைவியின் அண்ணன் இன்ஷாப். பதினெட்டு மீட்டர் ஆழம், நாற்பது நிமிடம். ஏறும்போது ஐந்து மீட்டரில் நின்று, நிதானமாகத்தான் வந்தார்கள். படகில் ஏறியதும் ஃபைஸல், "கால் வெறைக்குது" என்றான். அடுத்த நிமிடம், "கால் எங்க?" என்று கேட்டான்.

படகிலிருந்த ஒக்சிஜனை அவன் முகத்தில் பொருத்தினாள் நஸ்லியா.

"இன்டைக்கு எத்தன தரம் இறங்கினீங்க?"

"ஒரு தரம்தான். ஒங்களோடதான்."

கரையில் இன்றைய பார்ட்டிக்கான ஸ்பீக்கர் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. அம்புலன்ஸ் வர முக்கால் மணித்தியாலம் ஆகும் என்றார்கள். பெட்டிகளை ஏற்றிவந்த சிலாபத்து வேன் ஒன்றுதான் கண்ணில் பட்டது.

ஹொட்டல் முகாமையாளர் ஓடிவந்தார். "மிஸ், பின் கேட் பக்கத்தால கொண்டுபோங்க. கெஸ்ட்மார் பயந்துபோவாங்க."

"நானும் கெஸ்ட்தான். பயந்துபோய்த்தான் நிக்கிறன். மிச்சப் பெட்டியையும் இறக்குங்க!"

ஹொட்டல் சமையலறையில் வேலை செய்யும் நிஃப்லா, கையில் மா ஒட்டியபடியே வந்து வேனில் ஏறினாள். புருசனின் முகத்தைத் தடவினாள்.

"என்னங்க, விடியச் சுபஹு தொழப் பள்ளிக்குப் போறன் எண்டுதானே போன? நல்லாத்தானே போன?"

ஃபைஸல் கண்களை மூடிக்கொண்டான்.

வேன் நுரைச்சோலையைத் தாண்டிப் பறந்தது. நஸ்லியா தன் ஹொட்டல் அறைச் சாவியின் முனையால் அவன் பாதத்தைக் குத்தினாள். முழங்காலில் குத்தினாள். தொடையில் குத்தினாள். ஒன்றுக்கும் அவன் முகம் சுளிக்கவில்லை.

"நேத்து வெள்ளக்காரன் ஆடுற மாதிரி ஆடிக் காட்டினவர், டொக்டர்" என்றாள் நிஃப்லா. "நடு வீட்டுக்குள்ள, சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டு. வயிறு வலிக்கச் சிரிச்சன்." அதைச் சொன்னபோதே அழுதாள். "தம்பி அர்கம் போன மாசம் களவா போட்டுல ஏறி றியூனியன் தீவுக்குப் போனவன். சேந்தானா இல்லையா எண்டு ஒரு கோல் இல்ல. உம்மா ஃபோனக் கையில வெச்சிட்டே தூங்குற. இப்ப இவருக்கும் ஒண்டெண்டா நான் எங்க போக?"

முன் சீட்டில் இருந்த இன்ஷாப் திரும்பிப் பார்க்கவில்லை.

நஸ்லியா கொழும்பிலுள்ள ஒரு நிபுணருக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் சுருக்கமாகச் சொன்னார். இன்று ஒரே ஒரு தரம்தான் இறங்கினான் என்றால் முதுகுத்தண்டில் வேறு ஏதோ கோளாறு. புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போய் முதலில் படம் எடுங்கள். பல தரம் ஆழத்துக்குப் போய்வந்தவன் என்றால் அது இரத்தத்தில் காற்றுக் குமிழி. இங்குள்ள காற்றழுத்த அறைக்கு உடனே கொண்டுவாருங்கள். பிந்தினால் இனி நடக்கமாட்டான். "திரும்பக் கேளுங்கள். பொய் சொல்வார்கள்."

பாலாவிச் சந்தியில் வேன் நின்றது.

"டொக்டர், இடத்தாலயா வலத்தாலயா?" டிரைவர் கேட்டான். இடப்பக்கம் புத்தளம். வலப்பக்கம் கொழும்பு.

"ஃபைஸல், கடைசியாக் கேக்கிறன். எத்தன தரம்?"

அவன் நிஃப்லாவைப் பார்த்தான். "ஒரு... தரம்."

"சரி, இடத்தால."

வேன் மெல்லத் திரும்பியது. சட்டென்று நஸ்லியா முன் சீட்டின் முதுகைப் பிடித்தாள்.

"நில்லுங்க! இன்ஷாப் நானா, ஒரு தரம்தான் எண்டா, கால் வெறைக்குது எண்டவுடனே இவரைத் திரும்ப இறக்கப் பாத்தீங்களே. குமிழிதான் எண்டு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"மச்சான், சொல்லாத!" ஃபைஸல் முகத்திலிருந்த ஒக்சிஜனைப் பிடுங்கினான். "கால் போனாப் போகட்டும்!"

பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹோர்ன் அடித்தது.

"நாலு தரம்" என்றான் இன்ஷாப். "விடிய மூணு தரம். முப்பத்தெட்டு மீட்டர். பொறகுதான் ஒங்களோட."

"வலத்தால! வலத்தால போங்க!"

டயர்கள் கிறீச்சிட்டன. நஸ்லியா ஒக்சிஜனைத் திரும்பப் பொருத்தி, தொலைபேசியில் நிபுணரைப் பிடித்து, வருகிறோம் என்றாள். நிஃப்லாவின் கை புருசனின் முகத்திலிருந்து விலகியிருந்தது.

"திரும்பவும் கடலட்டை பிடிக்கவா? இனி அட்டைக்கு இறங்கமாட்டன் எண்டு அல்லா மேல சத்தியம் பண்ணினீங்களே! நாலு காசுக்கு இப்பிடிப் பொய் சொல்லுவீங்களா?"

ஃபைஸலின் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"அட்டைக்கு இல்ல" என்றான் இன்ஷாப்.

"பொறகு என்னத்துக்கு? நானா, வாயத் தொறங்க!"

இன்ஷாப் முதல் தடவையாகத் திரும்பித் தங்கையைப் பார்த்தான்.

"உம்மாக்கு அடக்குறதுக்கு ஒரு மையித்தாவது எடுத்துக் குடுக்கோணும் எண்டு இவன் ஒவ்வொரு நாளும் தேடுற. அர்கம் றியூனியனுக்குப் போகல்ல, தங்கச்சி. எங்களோட அட்டைக்கு இறங்கினவன் ஏறல்ல. இன்டைக்கு அவன்ட நாப்பதாம் நாள்."