பாலத்துக்கு இந்தப் பக்கம்

“எந்த ஓட்டையில செருகணும், சொல்லித் தொலைங்களேன்!”

டிவி மேசைக்குப் பின்னால் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு அவள் கத்தினாள். இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எந்த வண்டியின் பானெட்டைத் திறந்தாலும் எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். இந்தக் கறுப்புப் பெட்டியின் ஒயர் மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. அதற்குக் காரணம் அவளுடைய வீம்புதான். வீடியோ கேம் விளையாடும் அந்தப் பெட்டி வீட்டுக்குள் வந்து எட்டு வருடமாகிறது. ஒரு நாள் தூசி தட்டக்கூட அவள் அதைத் தொட்டதில்லை.

“மூணாவது,” என்றார் கட்டிலில் கிடந்த அவள் கணவர். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “இடது பக்கத்துலருந்து,” என்றார்.

“யாரோட இடது? உங்களோடதா, என்னோடதா?”

“டிவியோடது.”

சாகிற அன்றைக்கும் இந்த மனிதருக்குக் குசும்பு அடங்கவில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எத்தனையோ மாடிக் கட்டடங்களின் இருட்டுக் குழிகளில் முப்பது வருடம் இறங்கி ஏறியவர். ஆறு மாதத்துக்கு முன்பு நுரையீரல் மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றதும் கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்து போட்டு, பக்கத்தில் ஆக்சிஜன் தரும் மூச்சு இயந்திரத்தையும் ஓடவிட்டாயிற்று. காலை எட்டு மணிக்கு வந்த நர்ஸ் அவரைப் பார்த்துவிட்டு, வாசலில் வைத்து இவளிடம் மெதுவாகச் சொன்னாள்: “இன்னிக்கு ஒரு நாள் தாண்டினா பெருசு. அவர் யாரையாவது பாக்கணும்னா வரச் சொல்லிடுங்க.”

இவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஒன்றும் நடக்காதது போல, “யாரையாச்சும் பாக்கணுமா உங்களுக்கு?” என்று கேட்டாள். அவர் முட்டாள் இல்லை. இவளுடைய சிவந்த மூக்கை ஒரு தடவை பார்த்தார்.

“பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாக்கணும்,” என்றார்.

அதனால்தான் இந்த ஒயர்.

டிவி பளிச்சென்று உயிர் பெற்ற அதே நேரத்தில் கதவு தடாலென்று திறந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே ஓடிவந்தவன் நாலாம் மாடி. வேலையில் சேர்ந்த முதல் நாளே நாலாவது மாடியில் லிஃப்டுக்குள் மூன்று மணி நேரம் சிக்கிக்கொண்டு, அவர் வந்து கதவை நெம்பி வெளியே இழுத்த பிறகு கிடைத்த பெயர். இப்போது நாற்பத்தைந்து வயது. பெயர் மட்டும் அந்த மாடியை விட்டு இறங்கவில்லை. இந்தப் பெட்டி விளையாட்டுப் பைத்தியத்தில் அவருக்குச் சரியான ஜோடி.

“பேட்டரி வாங்கியாந்துட்டேன் அண்ணே! பத்து செட்டு!”

“பத்து எதுக்குடா? ஒன்னு... போதும்.”

நாலாம் மாடியின் முகம் சுருங்கியது. ஒரு நொடிதான். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

திரையில் பனி மூடிய மலை ஒன்று வந்தது. கீழே வரிசையாக, பாதியில் நிறுத்திச் சேமித்து வைத்த ஒன்பது ஆட்டங்கள். அவளுக்கே விளங்கும்படி ஒன்பதிலும் ஒரே படம்: ஒரு தொங்கு பாலம்.

“இது என்ன, ஒரே இடத்துல ஒன்பது தடவை?”

“அண்ணன் ஒன்பது தடவையும் அங்கதான் நிறுத்தினாரு அண்ணி. நிறுத்திட்டு, திரும்ப மொதல்லருந்து ஆரம்பிச்சுடுவாரு.”

நாலாம் மாடி பேட்டரி போட்டு நீட்டிய கன்ட்ரோலரை அவர் கையில் வாங்கினார். அது அவர் விரல்களிலிருந்து நழுவிப் போர்வையில் விழுந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி விழுந்தது. முப்பது வருடம் இரும்புக் கதவுகளைத் திறந்த கை. நாலாம் மாடி கையை நீட்டினான். அவர் தலையாட்டி மறுத்து, அவளைப் பார்த்தார்.

“நானா?” என்றாள். “அந்த ரிமோட்டை நான் தொட்டதே இல்லியே.”

“ரிமோட் இல்ல. கன்ட்ரோலர்.”

“ஏதோ ஒரு எழவு,” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க இரண்டு நிமிடம் ஆனது.

கட்டில் ஓரத்தில் அவர் தோளோடு ஒட்டி உட்கார்ந்து கன்ட்ரோலரைப் பிடித்தாள். ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரியே பிடித்தாள், வேறு எப்படிப் பிடிக்கத் தெரியும்? நாலாம் மாடி படபடவென்று கதையைச் சொன்னான். மலையில் நாற்பத்தொரு வீடுகள். ஒரு தபால்காரன். அவனோடு மூட்டை சுமக்கிற ஒரு கோவேறு கழுதை. இரண்டையும் ஒரு கயிறு இணைக்கிறது. நாற்பது கடிதம் கொடுத்தாயிற்று. உச்சி வீட்டுக் கடிதம் ஒன்றுதான் பாக்கி.

“கையில அதிருது பாருங்க அண்ணி, அது கழுதையோட நடை. பின்னால திரும்பிப் பாக்கவே வேணாம். வருதா வரலையான்னு கையே சொல்லிடும்.”

உள்ளங்கையில் மெல்ல மெல்ல ஒரு துடிப்பு. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. எட்டு வருடமாக இந்த மனிதர் பிடித்துக்கொண்டிருந்தது இதைத்தானா?

அடுப்படியிலிருந்து அவள் கேட்ட குரல் நினைவுக்கு வந்தது. “வாம்மா, மெதுவா. வழுக்கும், பாத்து வா.” தன்னிடம்கூட இவ்வளவு பதமாகப் பேசாதவர் டிவியிடம் குழைகிறாரே என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்திருக்கிறாள்.

“வளைவு வருது. குறை,” என்றார்.

“எனக்குத் தெரியும்.”

“குறைன்னா...”

“வளைவைப் பத்தி எனக்கே சொல்றீங்களா?” என்று அவள் திரும்பிப் பார்த்த நேரத்தில் தபால்காரன், கழுதை, மூட்டை எல்லாம் மொத்தமாகப் பள்ளத்தில் போய் விழுந்தன. நாலாம் மாடி தலையில் கை வைத்துக்கொண்டான். அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, “எல் போர்டு... மாட்டிவிடுடா... இவளுக்கு,” என்றார்.

மூவரும் சிரித்தார்கள். இவரும் ஒரு காலத்தில் எல் போர்டு மாட்டிக்கொண்டு இவளிடம் ஓட்டப் பழக வந்தவர்தான். மூன்று தடவை தேர்வில் கோட்டை விட்டார். லைசென்ஸ் கடைசி வரை கிடைக்கவில்லை, கல்யாணம் நடந்தது.

மறுபடி ஏறினாள். இந்த முறை வளைவில் நிதானம், மேட்டில் ஒரே சீர். விட்டுக்கொடுக்கிற ரகமில்லை அவள். வாய் தானாகவே, “அப்படித்தான், வா, வா,” என்று கழுதையிடம் பேச ஆரம்பித்திருந்தது. திடீரென்று திரையின் அடியில் எழுத்துகள் ஓடின. அவள் வாய்விட்டுப் படித்தாள்.

“கிளச்சு... களைத்துவிட்டது.”

படித்துவிட்டு நின்றாள். கன்ட்ரோலரில் கட்டைவிரல் அப்படியே நின்றது.

கிளச்சு என்பது உலகத்தில் ஒரே ஒரு ஆள் அவளைக் கூப்பிடுகிற பெயர். “கிளச்சு, கிளச்சு, கிளச்சை மிதிங்க!” என்று அவரிடம் முதல் நாள் முழுக்கக் கத்தியதால் வந்த பெயர்.

“என் பேரையா கழுதைக்கு வெச்சீங்க?”

அவர் சுவரைப் பார்த்தார். நாலாம் மாடி பேட்டரி உறையைப் படிக்க ஆரம்பித்தான்.

“எட்டு வருஷமா என்னை மூட்டை தூக்க விட்டுருக்கீங்க!”

“நல்லா... தூக்குவ,” என்றார் அவர்.

அவரை அடிக்கவும் ஆசையாக இருந்தது, கட்டிக்கொள்ளவும் ஆசையாக இருந்தது. இரண்டுக்கும் அவர் உடம்பில் இடமில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கழுதையை நடத்தினாள்.

பாலம் வந்தது. பனிக்காற்றில் ஆடியது. பாதிப் பலகைகள் இல்லை. ஒருவரைத்தான் தாங்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கழுதை விளிம்பில் நின்றுவிட்டது, இழுத்தாலும் வரவில்லை. திரையில் ஒரே ஒரு வரி: கயிற்றை அவிழ்க்கப் பொத்தானை அழுத்திப் பிடிக்கவும்.

“ஒன்பது தடவையும் இங்கதானா?” என்றாள் மெல்ல.

“இங்கதான் அண்ணி.”

அவர் கண்ணை மூடியிருந்தார். நெஞ்சு ஏறி இறங்குவதற்கு நடுவில் இடைவெளி நீண்டிருந்தது. அவள் தண்ணீர் எடுப்பதாகச் சொல்லி எழுந்து, நாலாம் மாடியை அடுப்படிக்கு இழுத்தாள்.

“நீ முடிச்சிருக்கியா இந்த ஆட்டத்தை?”

“எட்டு வருஷம் முன்னாடியே.”

“அவிழ்த்துவிட்டா அது செத்துருமா? சொல்லு.”

“சொல்லமாட்டேன் அண்ணி. ஆட்டத்தோட முடிவை ஒருத்தருக்கொருத்தர் சொல்றதில்லன்னு எங்களுக்குள்ள ஒப்பந்தம்.”

“மனுஷன் சாகக் கெடக்கறாரு, உனக்கு ஒப்பந்தமா?”

“அதனாலதான் அண்ணி.” அவன் குரல் உடைந்தது. “எட்டு வருஷமா சாப்பாட்டு நேரத்துல எதிர்ல ஒக்காந்துட்டு வாயைத் தைச்சு வெச்சிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒன்பது தடவை திரும்பிருக்க மாட்டாரு. ஆனா சொல்லிட்டா அது அவரு கடந்த பாலம் இல்லியே. சினிமான்னா, அவன் விட்டுட்டுப் போயிட்டான்னு அழுதுட்டு எழுந்து வந்துரலாம். இதுல விடறது நம்ம கை. அதான் இதெல்லாம் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. எனக்கு ஒரு ஆட்டம் இருக்கு, தொலைஞ்சுபோன தங்கச்சியைத் தேடிக்கிட்டே போவோம். கடைசில பாத்தா அவ தொலையல, நம்மகிட்டருந்து தப்பிச்சு ஓடியிருக்கா. கதவைத் தட்டறதா திரும்பிப் போறதான்னு கேக்கும். நான் திரும்பிட்டேன். அன்னிக்குத்தான் என் தங்கச்சிக்கு ஃபோன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன்.”

அவள் வெறுங்கையோடு கூடத்துக்குத் திரும்பினாள். தண்ணீர் எடுக்க மறந்துவிட்டிருந்தது.

கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். கழுதையின் மூச்சு உள்ளங்கையில் லேசாக அதிர்ந்தது. கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்தாள். அழுத்த முடியவில்லை. ஓட்டத் தெரியாத எத்தனையோ பேரின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்துத் தனி பிரேக்கில் கால் வைத்தபடியே பயமில்லாமல் ஊரைச் சுற்றியவளின் கால் இப்போது தரையில் இல்லாத பிரேக்கைத் தேடியது.

“என்னால முடியாதுங்க.”

அவர் கண்ணைத் திறந்தார். கை போர்வையில் ஊர்ந்து வந்தது. வந்து சேர வெகு நேரமானது. அவருடைய கட்டைவிரல் அவளுடைய கட்டைவிரல்மேல் உட்கார்ந்தது. எடையே இல்லை அதற்கு.

“ரெண்டு பேருமா,” என்றார்.

அழுத்தினார்கள். முடிச்சு ஒரு சுற்று அவிழ்ந்தது. இன்னொரு சுற்று. கயிறு பனியில் விழுந்தது. கையிலிருந்த அதிர்வு நின்றது.

“ஐயோ, கை வெறிச்சுன்னு ஆயிருச்சு,” என்றாள்.

“போ,” என்றார் அவர். “திரும்பிப் பாக்காத. போ.”

அவள் போனாள். பலகை பலகையாகத் தாவினாள், ஓர் இடத்தில் கால் தவறி நாலாம் மாடி “அண்ணீ!” என்று அலற, தொங்கி, ஏறி, அந்தப் பக்கம் கால் வைத்துவிட்டாள். “தாண்டிட்டேங்க! பாலத்தைத் தாண்டிட்டேன்!” லைசென்ஸ் வாங்கின மாணவனைவிட உற்சாகமாக அவள் கட்டிலையே உலுக்கினாள். அவர் உதட்டோரம் விரிந்ததைப் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். “படிக்கட்டு வருதுங்க. நூறு இருக்கும் போலருக்கு. எவன் இங்க வீடு கட்டினான்? லிஃப்ட் கிப்ட் ஒன்னும் கெடையாதா? விளக்கு எரியுதுங்க. ஆள் இருக்கு. இதோ, வாசலுக்கு வந்தாச்சு. கடிதத்தைக் கொடுக்கப் போறேன், பாருங்க, பாருங்க!”

அப்போது உள்ளங்கையில் ஏதோ நெளிந்தது. ரொம்ப மெலிதாக. நின்று, மறுபடி. அவள் நாலாம் மாடியைப் பார்த்தாள். அவன் அழுதுகொண்டே சிரித்தான்; ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான்.

ஆற்றோரத்துக் கீழ்ப்பாதை வழியாக, மூட்டையோடு, காதில் பனி ஒட்டிக்கொண்டு, அது ஏறி வந்துகொண்டிருந்தது.

“வருதுங்க! ஏங்க, சாகலைங்க, கிளச்சு வருதுங்க!”

அவள் திரும்பினாள். அவருடைய கட்டைவிரல் அவள் கட்டைவிரல்மேல் வைத்த இடத்திலேயே இருந்தது. கண் பாதி திறந்து திரையின் பக்கம் இருந்தது. நெஞ்சு மட்டும் ஏறவில்லை. அவள் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். நாலாம் மாடி எழுந்து நின்றான்.

நர்ஸ் வந்தபோது மணி பன்னிரண்டரை. நாடி பார்த்தாள், அவர் கண்ணை மூடிவிட்டாள், மூச்சு இயந்திரத்தை நிறுத்தினாள். வீடு சட்டென்று அமைதியானது. படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, “எப்ப ஆச்சும்மா?” என்று மெல்லக் கேட்டாள்.

“பாலத்தைத் தாண்டின பிறகு,” என்றாள் அவள்.

நர்ஸ் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். நாலாம் மாடி முகத்தைத் துடைத்துக்கொண்டு டிவியை அணைக்கக் குனிந்தான்.

“இருக்கட்டும் தம்பி.”

அவள் கன்ட்ரோலரை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். திரையில் விளக்கெரியும் வீட்டு வாசலில் தபால்காரன் பக்கத்தில் கழுதை வந்து நின்று, காதை உதறியது. மூடிய விரல்களுக்குள் கன்ட்ரோலர் விட்டு விட்டு அதிர்ந்துகொண்டிருந்தது.