நிறைந்தே திரும்பும் பாட்டில்

ஆன்டனி ராஜ் விடிந்ததும் எழுந்தான். உலை வைத்தான். மகள் ஆஸ்லினுக்குச் சடை பின்னினான், கோணலாகவே வந்தது. டிபன் டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் வைத்தான். மனைவி இறந்து போன பிறகு எல்லாக் காலையும் இப்படித்தான். மாலையில் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வரும். அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவான். ஏன் என்று கேட்டதில்லை. இப்போதெல்லாம் அவன் எதையுமே கேட்பதில்லை.

அன்று மகளின் பள்ளியில் மேலாண்மைக் குழுத் தலைவியைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம். பெற்றோர் கைதூக்க வேண்டும். அந்தக் கடற்கரை ஊரில் அதற்கொரு வழக்கம் உண்டு. எந்தப் படகு முதலாளியிடம் பிழைப்போ, அந்தச் சம்மாட்டி காட்டும் பக்கம்தான் கை எழும். பி.காம். படித்த ஆன்டனி ராஜ், பிரடெரிக் சம்மாட்டியின் விசைப்படகுகளுக்கு டீசலும் ஐஸும் ஏற்றுவதை மேற்பார்வையிடுபவன்.

"ஏலே ராஜு, நம்ம சகாயராணிக்குத்தான். மறந்துறாத" என்று கூட்டத்துக்குள் நுழையும்போதே தோளைத் தட்டினார் பிரடெரிக்.

சகாயராணி அவருடைய தம்பி மனைவி. வேட்பாளர் அவள், கூட்டத்தில் பேசியது அவர். பள்ளிக்கூட வாசலில் பெரிய வளைவு கட்டுவாராம், விளக்கோடு, குடும்பப் பெயரோடு.

எதிர்த்து நின்றவள் கருவாடு காயவைக்கும் லிண்டா.

"நீ எதுவரைக்கும் படிச்சவ?" என்றது பின்வரிசைக் குரல்.

"எட்டு. இதே பள்ளிக்கூடம்தான். பெரிய மனுசி ஆனதும் நின்னுட்டேன். இங்கன கக்கூசுல தாழ்ப்பா இல்ல, தண்ணி இல்ல. இன்னிக்கும் இல்ல."

"அப்ப நீ கக்கூசுத் தலைவி!"

கூட்டம் சிரித்தது. லிண்டாவும் சிரித்தாள்.

"இருந்துட்டுப் போறேன். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்க வீட்டுப் பொம்பளப் புள்ளைக தண்ணி பாட்டிலு சாயங்காலம் காலியா வருதா, நெறஞ்சு வருதா?"

சிரிப்பு நின்றது. ஆன்டனி ராஜுக்குக் கறிவேப்பிலைச் செடி நினைவுக்கு வந்தது. நன்றாகத் தழைத்திருந்தது. போன மாதம் ஆஸ்லின் நீர்க்கடுப்பில் அழுதாள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார் டாக்டர். அவன் இன்னும் பெரிய பாட்டில் வாங்கிக் கொடுத்தான்.

தலைமையாசிரியை சகாயராணியின் பெயரைச் சொன்னார். படகுக்காரர்களின் கைகள் எழுந்தன. பிரடெரிக் திரும்பிப் பார்த்தார். ஆன்டனி ராஜின் கை மடியிலேயே இருந்தது. வேலை போகலாம் என்று அவனுக்குத் தெரியும்.

லிண்டாவின் பெயர் வந்ததும் அவன் எழுந்தே நின்றான். கையை உயர்த்தினான்.

"எம் புள்ள பாட்டிலு நெறஞ்சுதான் வருது" என்றான்.

பக்கத்தில் ஒரு கை எழுந்தது. பிறகு பெண்கள் பக்கமெல்லாம் கைகள். சற்று முன் தூக்கிய கைகளில் சிலவும் மீண்டும் எழுந்தன. கடைசியாக, தலை குனிந்தபடியே, சகாயராணியின் கை.

"ஏத்தா, நீயுமா?" என்றார் பிரடெரிக்.

"எம் மகளும் குடிக்கிறதில்ல மச்சான்."

தலைமையாசிரியை லிண்டாவைத் தலைவி என்று அறிவித்தார். போகும்போது பிரடெரிக் ஆன்டனி ராஜிடம், "காலையில ஐஸு ஏத்தணும், வந்துரு" என்று மட்டும் சொன்னார்.

வாசலில் லிண்டா ஆன்டனி ராஜை நிறுத்தினாள்.

"அண்ணே, கை தூக்குனதோட வேல முடிஞ்சு போகல. தாழ்ப்பா நான் போட வைக்கிறேன். நீங்க மொதல்ல வீட்டுக்குப் போயி, ஏன் குடிக்கலன்னு புள்ளைகிட்ட கேளுங்க. பெத்த நாமளே கேக்கலேன்னா, வேற யாரு வந்து கேப்பா?"