முகூடே வெட்டாத தாழை

முகூடேயை இன்று மதியம் அடக்கம் செய்தோம். நான் அவனுக்குக் கேலி முறை. அதனால் அவனைப் போல நடித்துக் காட்டி, அழுகிறவர்களைச் சிரிக்க வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவன் குலத்துக்கும் என் குலத்துக்கும் அப்படி ஒரு வழக்கம். அவனைத் திருடன் என்று திட்டலாம், அவன் வீட்டில் கேட்காமல் எதையும் எடுக்கலாம். அவன் கோபப்படக் கூடாது. கோபப்பட்டதும் இல்லை, பாவி மனுஷன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் அவன் கோடாலியை எடுத்துப் போனேன். நீலப் பல்லி வாங்க நகரத்துக்கு ஆள் வந்திருந்தான். விரல் நீளப் பல்லி. வெளிநாட்டில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கிறார்களாம். தாழை மரத்தின் உச்சியில் இலை இடுக்கில் கிடக்கும். ஏறிப் பிடிக்கப் பொறுமை வேண்டும். எனக்கோ வீட்டுக்குத் தகரம் போடும் அவசரம். ஓடைப் பள்ளத்துத் தாழை அத்தனையையும் வெட்டிச் சாய்த்தேன். காட்டுக் காவலர்கள் பேசும் சத்தம் கேட்டதும் கோடாலியைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

அடுத்த வாரம் மொரோகொரோ நகரத்திலிருந்து பல்லி எண்ண ஆராய்ச்சிக்கார அனேத் மேடம் வந்தார். முகூடேதான் அவருக்கு எப்போதும் காட்டில் வழிகாட்டி. எண்ணி முடித்ததும் ஊர்க் கூட்டத்தில், பள்ளத்தில் கிடந்து எடுத்த அந்தக் கோடாலியைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தப் பல்லிக்கு உலகத்துல இந்தக் காடு ஒண்ணுதான். போன தடவ பள்ளத்துல மரத்துக்கு ஒரு ஜோடி பாத்தேன். இப்ப ஒண்ணுகூட இல்ல. அழிவின் விளிம்புலன்னு எழுதப் போறேன். அதுக்கப்புறம் எழுத வேண்டியது அழிஞ்சு போச்சுன்னுதான். இது யாரோட கோடாலி?"

"என்னோடது மேடம்," என்று முகூடே எழுந்தான். "ஆனா நான் வெட்டல." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.

என் வாய் முந்திக்கொண்டது.

"நம்பாதீங்க மேடம். எங்க வீட்டுக் கோழியவே திருடித் தின்னவன், பல்லிய விடுவானா?"

கூட்டம் சிரித்தது. கேலி முறைக்காரன் சொன்னால் சிரிக்க வேண்டும், அவனும் சிரித்தான். சிரித்தே ஒத்துக்கொண்டான் என்று ஊர் பேச ஆரம்பித்தது. வழிகாட்டி வேலை போயிற்று. தார் எஸ் ஸலாமுக்குப் போய் மூட்டை தூக்கினான். பிணமாகத்தான் திரும்பினான். அந்த நாலு வருஷமும் ஒரே ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் துணிவில்லை.

இன்று அவன் சட்டையை மாட்டிக்கொண்டு அவனைப் போலவே கால் இழுத்து நடந்தேன். சிரித்தார்கள்.

"குனாம்பி, பல்லித் திருடன் மரம் வெட்டுனத நடிச்சுக் காட்டுடா," என்று யாரோ கத்தினார்கள்.

நின்றுவிட்டேன்.

"அவன் வெட்டல. நான்தான் வெட்டுனேன். கோடாலிய எடுத்ததும் நான், பல்லிய வித்ததும் நான்."

பந்தலே அதிரச் சிரித்தார்கள். அவன் அக்கா ஸுஹுரா என் முதுகில் ஓங்கி அடித்தாள்.

"செத்தவன்கிட்டயும் போட்டியா? திருட்டுப் பட்டத்தக்கூட அவனுக்கு விட மாட்டியா?"

"சத்தியமாச் சொல்றேன் அக்கா."

அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

"நல்லா இருப்ப குனாம்பி," என்று ஸுஹுரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சேதி வந்ததுலேருந்து இப்பதான் சிரிக்கிறேன்."

நான் மறுபடி அவனைப் போலவே கால் இழுத்து நடந்தேன்.